குடியாட்சியைக் காக்கும் சொல்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டுதோறும் இம்மேடையில் இலக்கியம் பற்றிப் பேசுவதே வழக்கம். இவ்வாண்டு சங்கத்தார் வேறொரு பொருளைத் தந்துள்ளனர். மக்களாட்சி நடைபெறும் நாடுகளில் அரசியல் வெறியும் பிளவும் ஓங்கி வருவது ஏன், அதற்கு மாற்று யாது என்பதே அப்பொருள். இசையரங்கிற்கும் சிறுவர் நாடகத்திற்கும் இடையே இத்தகைய பொருளைப் பேசலாமோ என நாம் முதலில் தயங்கினோம். ஆயினும், சித்திரைத் திருநாள் விருந்திலே வேப்பம்பூப் பச்சடியும் உண்டன்றோ? அதுபோல் இதனையும் ஏற்றுக்கொள்வீர்கள் என்னும் துணிவோடு நிற்கின்றோம்.

தூர தேசங்களுக்குச் செல்லுமுன் நம் காலனியிலே தொடங்குவோம். நம் சங்கத்து நூலகத்தில் பல்லாண்டுக் காலம் ஒரு காட்சியைக் கண்டு வந்தோம். ஒரு நாள் தாமதித்து வந்து சேரும் தமிழ் நாளிதழை இரு பெரியவர்கள் நடுவே பிரித்து, ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொள்வர். படித்து முடித்ததும் பாதிகளை மாற்றிக்கொள்வர். இருவரும் வெவ்வேறு கட்சிக்கு வாக்களிப்பவர்கள் என்பது காலனி முழுவதும் அறிந்த செய்தி. ஒருவர் இல்லத் திருமணத்திற்கு மற்றவர் பந்தி விசாரித்ததும் நாம் அறிந்ததே. சென்ற தேர்தலின்போது சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் வந்த ஒரு செய்தியால் இருவருக்கும் வார்த்தை தடித்தது. இன்று ஒருவர் காலையில் வருகிறார். மற்றவர் மாலையில் வருகிறார். நாளிதழ் பிரிக்கப்படாமல் முழுதாகவே கிடக்கிறது.

இது சிறு நிகழ்ச்சியே. ஆனால் இச்சிறு நிகழ்ச்சிக்கும் இன்றைய பொருளுக்கும் உள்ள உறவை உரையின் முடிவில் காண்போம்.

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக் கொள்வோம். மக்களாட்சியில் கருத்து வேற்றுமை இருந்தே தீரும். வரி எவ்வளவு, நிலம் யாருக்கு, பள்ளியில் எம்மொழி என்பன போன்ற கேள்விகளுக்கு ஒரே விடை இருக்குமானால் தேர்தலே வேண்டுவதில்லை. தீங்கு வேறிடத்தில் தொடங்குகிறது. ஒரு கட்சியார் தாம் மட்டுமே உண்மையான மக்கள் என்றும், தம்மை ஏற்காதார் அனைவரும் மக்களின் பகைவர் என்றும் முழங்கி ஆதரவு திரட்டுவது அதன் முதற்படி. பகைவரிடம் சட்டம் பார்க்க வேண்டுவதில்லை எனக் கூறித் தடியையும் துப்பாக்கியையும் எடுப்பது அடுத்த படி. இவ்விரண்டாலும் நாடு இரு பாளையங்களாகி, ஒரு பாளையத்தார் மற்றவர் வீட்டு வாயிலை மிதியாத நிலை வருவது மூன்றாம் படி. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். ஊரை இரண்டாக்குவதையே தொழிலாகக் கொண்ட கூத்தாடிகளும் உண்டு என்பதைச் சென்ற நூற்றாண்டின் வரலாறு காட்டிற்று.

அவ்வரலாற்றில் இரண்டு நாடுகளை அடுத்தடுத்து வைத்துக் காண்போம். ஒன்று ஜெர்மனி, மற்றொன்று பின்லாந்து. இரண்டும் 1919-ஆம் ஆண்டில் குடியரசுக்குரிய அரசியலமைப்பைப் பெற்றவை. 1929-இல் எழுந்த உலகப் பொருளாதார நெருக்கடி இரண்டையும் வாட்டியது. இரண்டிலும் மக்களாட்சியைக் கவிழ்க்க முனைந்த இயக்கம் தோன்றியது. ஒன்று வீழ்ந்தது, மற்றொன்று நின்றது. ஏன்?

ஜெர்மனியை முதலில் நோக்குவோம். 1928-ஆம் ஆண்டுத் தேர்தலில் ஹிட்லரின் நாஜிக் கட்சி பெற்ற வாக்கு நூற்றுக்கு 3-க்கும் குறைவு, இடங்கள் 12. பின்னர் வேலையில்லாத் திண்டாட்டம் பெருகி, 1932-இன் தொடக்கத்தில் ஏறத்தாழ 60 லட்சம் பேர் வேலையின்றி நின்றனர். பசித்த வயிறு பகைவனைத் தேடியது. நாஜிகள் யூத மக்களைச் சுட்டிக் காட்டினர். 1930-இல் அக்கட்சிக்கு 107 இடங்கள். 1932 ஜூலையில் 230 இடங்கள். எனினும் ஒன்றை மறத்தலாகாது. அந்த ஜூலைத் தேர்தலிலும் அது பெற்றது நூற்றுக்கு 37 வாக்குகளே. அதே ஆண்டு நவம்பரில் மீண்டும் தேர்தல் வந்தபோது அது நூற்றுக்கு 33 ஆகக் குறைந்தது. அச்சமின்றி நடந்த எந்தத் தேர்தலிலும் ஜெர்மானியருள் பெரும்பான்மையோர் ஹிட்லருக்கு வாக்களித்ததில்லை.

பின் ஆட்சி அவர் கைக்கு எவ்வாறு சென்றது? வாயிலை உடைத்துக்கொண்டு அவர் உட்புகவில்லை. உள்ளிருந்தோர் தாழ்ப்பாளை நீக்கினர். முன்னாள் பிரதமர் பாப்பன், பழமைக் கட்சித் தலைவர் ஹுகன்பெர்க் முதலியோர் ஒரு கணக்குப் போட்டனர். ஹிட்லரின் கூட்டம் நமக்கு வேண்டும். அவருடைய வெறி நமக்கு வேண்டாம். அமைச்சரவையில் நம்மவர் சூழ்ந்திருந்தால் அவரைக் கட்டுக்குள் வைக்கலாம் என்பதே அக்கணக்கு. முதுமையுற்ற குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க் அதற்கு இசைந்தார். 1933 ஜனவரி 30-ஆம் நாள் ஹிட்லர் பிரதமரானார். அவ்வமைச்சரவையில் அவரையன்றி நாஜிக் கட்சியார் இருவரே இருந்தனர்.

பிப்ரவரி 27-இல் நாடாளுமன்றக் கட்டடம் தீப்பற்றியது. மறுநாளே குடிமக்களின் அடிப்படை உரிமைகள் ஓர் ஆணையால் நிறுத்தப்பட்டன. மார்ச்சு 23-இல், சட்டம் இயற்றும் அதிகாரத்தை அமைச்சரவையிடமே ஒப்படைக்கும் மசோதா வந்தது. பொதுவுடைமைக் கட்சி உறுப்பினர்கள் அவைக்குள் வர இயலாதவாறு தடுக்கப்பட்டிருந்தனர். 444 பேர் மசோதாவை ஆதரித்தனர். சமூக ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த 94 பேர் மட்டுமே எதிர்த்தனர். சீருடை அணிந்த அடியாட்கள் சூழ்ந்து நின்ற அவையிலே அக்கட்சியின் தலைவர் ஓட்டோ வெல்ஸ் எழுந்து மறுத்துப் பேசினார். அதே ஆண்டு ஜூலைத் திங்களில் நாஜிக் கட்சியைத் தவிர வேறு கட்சியே இருத்தல் கூடாதெனச் சட்டமாயிற்று. ஹிட்லரைக் கட்டுக்குள் வைக்கலாம் எனக் கணக்கிட்ட பாப்பன், 1934 ஜூன் இறுதியில் தம் வீட்டிலேயே காவலில் வைக்கப்பட்டார். அவருடைய உதவியாளர் இருவர் கொல்லப்பட்டனர். வேலியாக நிற்பதாகச் சொன்னவர்கள் பயிரோடு சேர்ந்து தாமும் மேயப்பட்டனர்.

பழி வலப்பக்கத்தாருக்கு மட்டும் உரியதன்று. ஜெர்மானியப் பொதுவுடைமைக் கட்சி அக்காலத்தில் சமூக ஜனநாயகக் கட்சியாரையே பெரும் பகைவராகக் கருதி, அவர்களும் பாசிசத்தின் ஒரு வடிவமே எனத் தூற்றி வந்தது. 1932 நவம்பரில் பெர்லின் நகரப் போக்குவரத்து வேலைநிறுத்தத்தில் பொதுவுடைமையாரும் நாஜிகளும் ஒருபுறமே நின்றனர். ஒரு வீட்டின் இரு சகோதரர் தம்முள் பூசலிட்டுக் கொண்டிருக்கையில் கொள்ளைக்காரன் புகுந்தான். பிற்காலத்தில் அவ்விரு கட்சித் தொண்டர்களும் ஒரே வதைமுகாமின் முள்வேலிக்குள் சந்தித்துக்கொண்டனர். காலம் கடந்த சந்திப்பு அது!

இனி, அவ்வளவாக நாம் கேள்விப்படாத பின்லாந்தின் கதைக்கு வருவோம். அந்நாடு 1917 டிசம்பரில் விடுதலை பெற்றது. அடுத்த ஆண்டே செம்படையினர், வெண்படையினர் என இரு கூறாகி உள்நாட்டுப் போரில் மூழ்கியது. ஏறத்தாழ 30 லட்சம் மக்களே வாழ்ந்த அச்சிறு நாட்டில் 36,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆகவே ஜெர்மனியைவிடப் பின்லாந்தின் காயமே ஆழமானது எனலாம்.

அக்காயம் ஆறுமுன், 1929-ஆம் ஆண்டின் இறுதியில், லாப்புவா என்னும் ஊரில் ஓர் இயக்கம் எழுந்தது. பொதுவுடைமையை வேரறுப்பது அதன் முழக்கம். எதிராளிகளை இரவில் காரில் கடத்திச் சென்று, அடித்து, சோவியத் எல்லையருகே விட்டுவிடுவது அதன் வழக்கம். 1930 ஜூலையில் 12,000-க்கு மேற்பட்ட விவசாயிகள் தலைநகர் ஹெல்சின்கிக்கு அணிவகுத்து வந்தனர். அரசு அஞ்சியது. நாட்டுத் தலைவர்கள் அவ்வணியை வரவேற்றனர்; இயக்கம் கேட்ட சட்டங்கள் பல அவ்வாண்டு முடிவதற்குள் இயற்றப்பட்டன; பொதுவுடைமையாரின் அரசியல் வாயில் அடைக்கப்பட்டது. இதை நாம் மறைத்தல் கூடாது. பின்லாந்தும் முதலில் சறுக்கத்தான் செய்தது.

விட்டுக் கொடுத்தால் வெறி அடங்கும் என எண்ணினர், அடங்கவில்லை. நெய் வார்த்த நெருப்பு அணைவதுண்டோ? பொதுவுடைமையாரோடு நில்லாது, சமூக ஜனநாயகக் கட்சியார் மீதும் அவ்வியக்கம் பாய்ந்தது. 1930 அக்டோபரில், நாட்டின் முதல் குடியரசுத் தலைவராக விளங்கிய ஸ்டோல்பெர்க் என்னும் பெரியாரையும் அவர் மனைவியையும் கடத்திச் சென்று, கிழக்கே யோயென்சூ நகரில் விட்டனர். அவர் பொதுவுடைமையாளர் அல்லர், சட்ட அறிஞர். நாட்டின் அரசியலமைப்பை உருவாக்குவதில் பெரும்பங்கு கொண்டவர். இயக்கத்தை ஆதரித்து வந்த பலர் அன்றுதான் முதன்முதலாக முகம் சுளித்தனர்.

1931-இல் ஸ்வின்ஹுவுட் என்பார் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் பழமைக் கட்சியைச் சேர்ந்தவர். பொதுவுடைமைக்குக் கடும் பகைவர். லாப்புவா இயக்கத்தாரின் ஆதரவு பெற்றவர். அவரை எதிர்த்து நின்றவர், கடத்தப்பட்ட அதே ஸ்டோல்பெர்க். 151-க்கு 149 என்னும் வாக்குகளில் ஸ்வின்ஹுவுட் வென்றார். நம்மவர் ஆட்சி வந்துவிட்டது என இயக்கத்தார் மகிழ்ந்திருப்பர் என்பதில் ஐயமில்லை.

1932 பிப்ரவரி 27-ஆம் நாள், ஹெல்சின்கிக்கு வடக்கே மாண்ட்சாலா என்னும் ஊரில் நடந்த சமூக ஜனநாயகக் கட்சிக் கூட்டத்தை ஆயுதம் தாங்கியவர்கள் சுட்டுக் கலைத்தனர். இயக்கத்தார் அங்கே திரண்டு, அரசு பதவி விலக வேண்டும் என முழங்கினர். படைத் தலைமையில் முன்பு இருந்த ஒரு தளபதியும் அவர்களோடு சேர்ந்தார். குடியரசு நூலிழையில் தொங்கியது.

மார்ச்சு 2-ஆம் நாள் ஸ்வின்ஹுவுட் வானொலியில் பேசினார். தாம் வாழ்நாள் முழுவதும் சட்டத்தைக் காக்கவே போராடியவர் என்பதையும், அச்சட்டம் காலால் மிதிக்கப்படுவதைப் பார்த்திருக்க இயலாது என்பதையும் எளிய சொற்களில் உரைத்தார். வீடு திரும்பும் எளிய தொண்டர்கள் தண்டிக்கப்பட மாட்டார்கள், தலைவர்களே பதில் சொல்ல வேண்டும் என்றார். வீட்டுக்குப் போங்கள் என்றார், அவ்வளவே. சில நாட்களில் கலகம் கரைந்தது. இதில் வியப்பு ஒன்று உண்டு. எந்தச் சட்டத்தைப் பொதுவுடைமையாரை ஒடுக்கவென இயக்கத்தார் கேட்டு வாங்கினரோ, அந்தச் சட்டத்தின்படியே லாப்புவா இயக்கம் தடை செய்யப்பட்டது.

அதன் எச்சமாக ஒரு கட்சி பின்னர்த் தோன்றியது. 1936-ஆம் ஆண்டுத் தேர்தலில் 200 இடங்களுள் அதற்குக் கிடைத்தவை 14 மட்டுமே. பழமைக் கட்சியும் பாசிகிவியின் தலைமையில் அதனை விட்டு விலகியது. 1937-இல் விவசாயக் கட்சியாரும் சமூக ஜனநாயகக் கட்சியாரும் ஒரே அமைச்சரவையில் அமர்ந்தனர். 1918-இல் ஒருவரையொருவர் சுட்டவர்களின் வழிவந்தவர்கள் ஒரே மேசையில் வரவு செலவு பார்த்தனர். 1939 நவம்பர் 30-இல் சோவியத் படை எல்லை கடந்தபோது, அச்சிறு நாடு பிளவுபடாமல் நின்று 105 நாட்கள் பொருதது.

அன்பர்களே! இவ்விரு கதைகளையும் எடைபோட்டுப் பாருங்கள். அறிவிலோ கல்வியிலோ ஜெர்மனி குறைந்த நாடன்று. ஹிட்லரை எதிர்த்தவர்களும் அங்கே கோடிக்கணக்கில் இருந்தனர். ஆனால் எதிர்த்தோர் சொல்லுக்கு ஹிட்லரின் கூட்டம் செவிசாய்க்குமா? எதிரியின் கண்டனம் வெறியனுக்குப் பதக்கம் போன்றது. அவனைத் தடுக்க வல்லவர், அவனுக்கு அருகில் நிற்பவர், அவன் மதிப்பவர், அவனோடு பாதிக் கொள்கையில் ஒத்தவர். ஜெர்மனியில் அந்த இடத்தில் இருந்தவர்கள் ஆதாயம் கருதிக் கதவைத் திறந்தனர். பின்லாந்தில் அந்த இடத்தில் இருந்தவர், தாமதமாகவேனும், போதும் என்றார். குடியாட்சியைக் காக்கும் சொல் அந்த ஒரு சொல்லே. அதனைச் சொல்ல வேண்டியவர் எதிரணியார் அல்லர். நம் அணியில் நாமே.

இது பழங்கதை எனச் சிலர் எண்ணக்கூடும். அமெரிக்க நாட்டை நோக்குவோம். 1960-ஆம் ஆண்டளவில் அங்கே பெற்றோரிடம் ஒரு கேள்வி கேட்கப்பட்டது. உங்கள் மகனோ மகளோ எதிர்க்கட்சிக் குடும்பத்தில் மணம் செய்துகொண்டால் வருந்துவீர்களா என்பதே அது. வருந்துவோம் என்றவர் இரு கட்சியிலும் நூற்றுக்கு ஐவர் அளவே. அரை நூற்றாண்டு சென்று 2010-இல் இத்தகைய கேள்வியைக் கேட்டபோது, ஒரு கட்சியாரில் ஏறத்தாழப் பாதிப்பேரும் மற்றக் கட்சியாரில் மூன்றில் ஒரு பங்கினரும் வருந்துவோம் என்றனர். சம்பந்தம் செய்வதற்குக் குலம் பார்த்து அல்லலுற்ற நாட்டவராகிய நமக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். கட்சியே சாதியாகிவிட்டது!

அதன் விளைவை 2021 ஜனவரி 6-இல் உலகம் கண்டது. தேர்தலில் தோல்வியுற்ற குடியரசுத் தலைவர் டிரம்ப் தோல்வியை ஏற்கவில்லை. அவருடைய ஆதரவாளர் கூட்டம் நாடாளுமன்றத்துள் புகுந்தது. அன்றும் குடியாட்சியைத் தாங்கி நின்றவர் யாவர்? முடிவை மாற்ற மறுத்த துணைத் தலைவர் பென்ஸ் அவருடைய கட்சியினரே. வாக்குகளைத் தேடிக் கொடுக்குமாறு கேட்கப்பட்டும் இசையாத ஜார்ஜியா மாநிலத் தேர்தல் அதிகாரி ராபன்ஸ்பெர்கரும் அதே கட்சியினரே. ஆயினும் அக்கதை அங்கே முடியவில்லை. 2024-இல் டிரம்ப் மீண்டும் வென்றார். 2025 ஜனவரி 20-இல் பதவியேற்ற அன்றே, அக்கலவர வழக்குகளில் சிக்கிய ஏறத்தாழ 1,500 பேருக்கு மன்னிப்பு வழங்கினார். போதும் என்னும் சொல் ஒருமுறை சொல்லி ஓய்வதற்குரியதன்று. தலைமுறைதோறும் சொல்ல வேண்டியது.

நம் பாரத நாட்டிலும் இந்த எச்சரிக்கையை ஒருவர் முன்னரே விடுத்தார். 1949 நவம்பர் 25-ஆம் நாள், அரசியலமைப்பு நிறைவேறுவதற்கு முதல் நாள், அரசியல் நிர்ணய சபையில் டாக்டர் அம்பேத்கர் பேசினார். சமயத்தில் பக்தி உயிருக்கு உய்வளிக்கலாம். அரசியலில் தனிமனித பக்தி சர்வாதிகாரத்திலேயே கொண்டுபோய் விடும் என்னும் கருத்தை அவர் அன்று வலியுறுத்தினார். எவ்வளவு பெரியவராயினும் ஒருவர் காலடியில் நம் உரிமைகளை வைத்தல் ஆகாது என்பதே அதன் சாரம். எக்கட்சிக்கும் இது பொருந்தும். எல்லாக் கட்சிக்கும் பொருந்தும். இம்மேடையில் நாம் எக்கட்சியையும் குறித்துப் பேச வரவில்லை.

இப்போது நூலகத்து நாளிதழுக்குத் திரும்புவோம். அப்பெரியவர் இருவரும் பிரிந்த அன்று நாம் என்ன செய்தோம்? ஒருவரிடம் சென்று, நீங்கள் சொன்னதே சரி என்றோம். மற்றவரிடம் சென்றவர்களும் அவரிடம் அவ்வாறே கூறினர். குழுவில் வந்த அச்செய்தி பொய்யென்று நம்மில் சிலருக்கு அன்றே தெரியும். நம் பக்கத்துக்கு உதவும் பொய்யாயிற்றே என்று வாய் திறவாதிருந்தோம். அதைக் கேட்கவும் வெட்கமாக இருக்கிறது. சொல்லவும் வெட்கமாக இருக்கிறது. ஜெர்மனியின் பாப்பனைப் பழித்த நாவால் நம்மையும் சற்றே பழித்துக்கொள்ள வேண்டியவர்களானோம். அளவில்தான் வேறுபாடு, குணம் ஒன்றே.

மொழி வேறான ஊரில், ஒருவர் வீட்டு நல்லது கெட்டதற்கு மற்றவர் கை கொடுத்தே இச்சங்கம் வளர்ந்தது. நள்ளிரவில் காய்ச்சல் கண்ட குழந்தையைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டியபோது, அவ்வீட்டார் யாருக்கு வாக்களித்தனர் என எவரும் கேட்டதில்லை. அந்தக் கதவு அடைபடுமானால் நமக்கு இழப்பு பெரிது. எனவே பெரிய தீர்மானம் எதுவும் வேண்டா. மூன்று சிறு பழக்கங்கள் போதும். பொய்யென ஐயுறும் செய்தியை, அது நமக்கு இனிப்பினும், பிறர்க்கு அனுப்பாதிருத்தல் ஒன்று. நம் அணியார் வரம்பு கடந்தால், எதிரணியார் சொல்லுமுன் நாமே தனியே அழைத்துச் சொல்லுதல் இரண்டு. தேர்தல் எவ்வளவு சூடாயினும் மாற்றுக் கருத்துடையார் வீட்டு அழைப்பை மறாதிருத்தல் மூன்று.

குடியாட்சி தில்லியில் மட்டும் இல்லை. நாளிதழை இரண்டாகப் பிரித்துப் படிக்கும் மேசையிலும் அது இருக்கிறது. அம்மேசையில் இரண்டு நாற்காலிகள் உள்ளன. அவற்றுக்கு உரிய இருவரும் இன்று இவ்வவையில் இருக்கின்றனர் என்பதை நாம் அறிவோம். பெயர் சொல்லோம். நாளை மாலை நூலகம் ஐந்து மணிக்குத் திறக்கும் என்பதை மட்டும் நினைவூட்டி, நம் உரையை நிறைவு செய்கின்றோம்.

வாழ்க சங்கம்! வளர்க ஒற்றுமை!